கழுதைதான் கலைக்கணும்

2012இல் சென்னையில் இருந்தவர்களிடம் மின்வெட்டு பற்றிப் பேசினால் இரண்டு மணி நேரக் கதை ஒன்று சொல்வார்கள். நான் பாளையங்கோட்டைக்காரி. எங்களுக்கு அது நாளில் பாதி. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும், சில நாள் போனது வருகிற நேரத்துக்கு வராது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் சுற்றுகிற மாதங்களில் கொஞ்சம் தேவலை, காற்று நின்றால் எங்கள் ஃபேனும் நின்றுவிடும். நான் அப்போது பிளஸ் டூ. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்துத்தான் முன்னேறினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மையில் அந்த வருஷம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு விஷயம், கழுதை ஆடுவது.

கழுதை என்றால் சீட்டாட்டம். ஆஸ் என்றும் சில ஊர்களில் சொல்வார்கள். உங்கள் வீட்டிலும் ஆடியிருப்பீர்கள், வேறு பேரில் இருக்கலாம்.

எங்கள் வீட்டுக்குள் சீட்டுக்கட்டு வந்ததே பெரிய கதை. தாத்தாவுக்குச் சீட்டு என்ற சொல்லே ஆகாது. பலசரக்குக் கடைக்கு எழுதுகிற சீட்டைக்கூட 'லிஸ்ட்' என்றுதான் சொல்லுவார், தமிழ் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர்! காரணம் அவருடைய அண்ணன். அந்தப் பெரிய தாத்தா கோயில் கொடை நாட்களில் மங்காத்தா ஆடுகிற இடத்தில் உட்கார்ந்து, உள்ளே வெளியே என்று வைத்து வைத்து, கடைசியில் ஒரு வயலையே வெளியே வைத்துவிட்டார். தாத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயது. அந்த வயல் இன்றைக்கும் பஸ்ஸில் போகும்போது தெரியும். அந்த இடம் வந்ததும் தாத்தா எதிர்ப் பக்கத்து ஜன்னலைப் பார்ப்பார். நாங்கள் எல்லோரும் வயலைப் பார்ப்போம்.

கட்டைக் கொண்டு வந்தது சித்தப்பா. வேறு யார். ஒரு சாயங்காலம் கரண்ட் போன கையோடு சட்டைப் பையிலிருந்து எடுத்து பட்டாசலின் (வீட்டுக் கூடம்) நடுவில் வைத்தார். தாத்தா ஈசிசேரில் இருந்து, "எடுல அத" என்றார். சித்தப்பா வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர், ஆகவே கொஞ்சம் சட்டம் வரும். ரம்மி பெரும்பாலும் திறமையைப் பொறுத்த ஆட்டம், மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்று உச்ச நீதிமன்றமே 1967இல் சொல்லியாச்சு என்றார். அது உண்மைதான், அப்படி ஒரு தீர்ப்பு இருக்கிறது. தாத்தா ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "கோர்ட்டு சொன்னா வயல் திரும்பி வருமால?" என்று கேட்டார். ரம்மி அத்தோடு முடிந்தது.

அப்புறம் ஆச்சிதான் வழி சொன்னாள். "கழுத ஆடுங்க. அதுல ஜெயிக்கிறவனே கெடையாதுல்லா."

நான் பல வருஷம் கழித்துத்தான் யோசித்தேன், இது எவ்வளவு பெரிய வாதம் என்று. கழுதையில் முதலில் கையைக் காலி செய்தவருக்குப் பட்டமோ புள்ளியோ எதுவும் கிடையாது. அவர் தப்பித்தார், அவ்வளவுதான், எழுந்து போய் தண்ணீர் குடிக்கலாம். ஒவ்வொருவராகத் தப்பிப் போய், கடைசியில் கையில் சீட்டோடு மாட்டிக்கொள்கிறவர் கழுதை. ஜெயிக்கிறவன் இல்லாத ஆட்டத்தில் யார் மேல் பணம் வைப்பது? தாத்தாவிடம் இதற்குப் பதில் இல்லை. காசு கண்ணில் படக்கூடாது, மணி ஒன்பதுக்கு மேல் கூடாது என்ற இரண்டு நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. இரண்டாவது நிபந்தனையை மின்வாரியம்தான் காப்பாற்றவில்லை.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜோக்கரை எடுத்துவிட்டு 52 சீட்டையும் போட்டுவிட வேண்டும், மிச்சம் வைப்பதில்லை. நாங்கள் வழக்கமாக ஆறு பேர்: ஆச்சி, அப்பா, அம்மா, சித்தப்பா, நான், தம்பி. நாலு பேருக்கு ஒன்பது சீட்டு வரும், இரண்டு பேருக்கு எட்டு. யாரிடம் இஸ்பேட் ஆஸ் இருக்கிறதோ அவர் அதை இறக்கி ஆரம்பிப்பார். மற்றவர்களும் இஸ்பேட்தான் இறக்க வேண்டும். எல்லோரும் இறக்கிவிட்டால் அந்தச் சீட்டுகள் கழிந்தன, கவிழ்த்து ஓரமாக வைத்துவிடலாம். அதில் பெரிய சீட்டு போட்டவர் அடுத்ததை இறக்குவார். இப்படியே போகும், ஒருவரிடம் அந்த ஜாதிச் சீட்டு இல்லாமல் போகும் வரை. இல்லையென்றால் அவர் வேறு ஜாதியில் ஒன்றை எடுத்து அடிப்பார். அதுதான் வெட்டு. வெட்டு விழுந்ததும் அங்கேயே ஆட்டம் நிற்கும், அதுவரை இறங்கியதில் பெரிய சீட்டு யாருடையதோ அவர் எல்லாவற்றையும், வெட்டின சீட்டோடு சேர்த்து, வாரிக்கொள்ள வேண்டும். அடுத்த இறக்கமும் அவருடையதே. முதல் சுற்றில் மட்டும் எங்கள் வீட்டில் வெட்டு கிடையாது, இஸ்பேட் இல்லாதவர் எதையாவது கழித்துக்கொள்ளலாம்.

வெளியே மின்வெட்டு, உள்ளே சீட்டு வெட்டு. தம்பி இதை முதல் நாள் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். அவன் அதை அந்த வருஷம் முழுக்கச் சொன்னான்.

சீட்டுக்கு ஆச்சி வைத்திருந்த பெயர்கள் தனி. இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், ஆனால் புழங்க மாட்டாள். இஸ்பேட் அவளுக்கு வெத்தலை, காம்போடு இருக்கிறதே. ஆட்டின் மாம்பழம். டைமன் பர்பி. கிளாவரில் மூன்று இலை சேர்ந்து இருப்பதால் அது வில்வம். "வில்வத்துல ராணிய எறக்குட்டி" என்பாள், எனக்கு ஒரு கணம் கோயிலில் நிற்கிற மாதிரி இருக்கும். கிளாவர் என்ற பெயரே ஆங்கிலம் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டச்சுக்காரர்கள் இந்தச் சீட்டை க்ளாவர் என்கிறார்கள், மூன்று இலைச் செடி ஒன்றின் பெயர் அது. ஆட்டினுக்கு அவர்கள் சொல் ஹார்ட்டன். போர்ச்சுகீசியர்களிடம் இஸ்பேட் எஸ்பாதா, அதாவது வாள். எங்களுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிற தூத்துக்குடியில் முதலில் போர்ச்சுகீசியர்கள் இருந்தார்கள், 1658இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். கடலோரத்தில் எவனோ ஒரு மாலுமி ஆடினதைப் பார்த்து நம் ஆட்கள் கற்றிருப்பார்கள் என்பது என் கணக்கு. ஆனால் ஆச்சி சொன்ன வில்வம் அந்த டச்சுக்காரன் பெயரை விடப் பொருத்தம்.

இஸ்பேட் ஆஸுக்கும் ஒரு கதை உண்டு, சொல்லாமல் விட மனசில்லை. கட்டில் அந்த ஒரு சீட்டில் மட்டும் பெரிய பூ வேலை ஏன் என்று பார்த்திருக்கிறீர்களா? இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சீட்டுக்கட்டுக்கு வரி இருந்தது, வரி கட்டியதற்கு அடையாளமாக இஸ்பேட் ஆஸை அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்தது. போலி அடிக்க முடியாதபடி வேலைப்பாடு வைத்தார்கள். அதையும் ஒருவன் போலியாக அடித்தான். ரிச்சர்ட் ஹார்டிங் என்று பெயர், 1805இல் தூக்கில் போட்டார்கள். ஒரு சீட்டுக்காக! நான் இதை வீட்டில் சொன்னபோது தாத்தா, "பாத்தியா, நான் என்ன சொன்னேன்" என்றார்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். கழுதை சின்னப்பிள்ளை ஆட்டம் என்று ரம்மி ஆடுகிறவர்கள் இளக்காரமாகச் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு ஜாதிக்கு 13 சீட்டு. ஆறு பேர் ஆடும்போது ஒரு ஜாதி முதல் தடவை இறங்கினால் ஆறு சீட்டு கழிகிறது, மிச்சம் ஏழு. அந்த ஏழும் ஆறு பேரிடமும் ஒழுங்காகப் பரவியிருக்க வாய்ப்பு குறைவு. ஆக, ஒரு ஜாதி முதல் முறை வரும்போதே ஆஸையும் ராஜாவையும் துணிந்து கழித்துவிட வேண்டும். பெரிய சீட்டை 'பத்திரமாக' வைத்திருக்கிறவன் செத்தான். அப்பா அப்படித்தான் வைத்திருப்பார். கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்தவர், எதையும் செலவழிக்க மனசு வராது. ஆஸ் என்றால் பெரியது, பெரியதைக் காப்பாற்ற வேண்டும் என்று கையோரமாகச் செருகி வைத்திருப்பார். இரண்டாம் சுற்றில் அதை இறக்கும்போது யாராவது வெட்டுவார்கள், அத்தனையும் அப்பா கைக்குப் போகும்.

வாரினவன் மேலும் வாருவான் என்பதுதான் இதில் கொடுமை. ஒரு ஜாதியில் நிறைய வாரிக்கொண்டால் அந்த ஜாதி மற்றவர்களிடம் இல்லை என்று அர்த்தம். அதை இறக்கினால் திரும்ப வெட்டு, திரும்ப அவர் கைக்கே. வட்டி கட்டக் கடன் வாங்குகிற மாதிரி. அதிலிருந்து வெளியே வர ஒரே வழி, வேறு ஜாதியில் சின்னச் சீட்டாகப் பார்த்து இறக்கி, இறக்கத்தை இன்னொருவர் தலையில் கட்டுவது. அப்பாவுக்கு இது எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை.

ஆச்சி நேர் எதிர். அவள் வெட்டும்போது கையில் இருப்பதிலேயே கனமான சீட்டைத்தான் அடிப்பாள், மாட்டுகிறவன் ராஜாவையும் சேர்த்துச் சுமக்கட்டும் என்று. அடித்துவிட்டு முகத்தைப் பாவம் போல வைத்துக்கொண்டு, "எங்கிட்ட பர்பி இல்ல, நான் என்ன செய்ய" என்பாள். இது எங்கள் வீட்டில் பழமொழி ஆகிவிட்டது. வெட்டுகிறவருக்கு அதைவிட நல்ல சாக்கு கிடையாது. உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை, கையில் இல்லை, அதனால் வெட்டினேன். நாங்கள் பர்பியை டைமன் ஆக்கிக்கொண்டோம். அம்மாவிடம் சினிமாவுக்குக் காசு கேட்டால், "எங்கிட்ட டைமன் இல்ல." தம்பி கணக்குப் பரீட்சையில் 38 வாங்கிக்கொண்டு வந்து நின்றபோதும் அப்பாவிடம் அதையே சொல்லிப் பார்த்தான். அங்கே எடுபடவில்லை.

சித்தப்பாவுக்கு அழுகுணி ஆட்டம். கையில் இருந்தும் இல்லை என்று சொல்லி வெட்டுவார், இரண்டு சுற்று கழித்து அதே ஜாதியை இறக்குவார். அம்மா பிடிப்பாள். அம்மாவுக்கு எந்தச் சீட்டு போயிற்று, எது யார் கையில் என்று எல்லாம் ஞாபகம் இருக்கும், ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். பிடிக்கும்போது மட்டும் மெதுவாக, "கொழுந்தனாரே, அந்த ஆட்டின் எட்டு முன்னாடியே இருந்துச்சுல்லா" என்பாள். சித்தப்பா வாரிக்கொள்வார். வக்கீல் ஆபீஸ் வாதமெல்லாம் அம்மாவிடம் பலிக்காது.

எங்கள் கட்டில் டைமன் ஏழு ஒரு வாரத்திலேயே தொலைந்தது. பரண், பாய்க்கு அடி, அரிசிப் பானை வரை தேடினோம். கடைசியில் யாருடையதோ கல்யாணப் பத்திரிகையை அளவாக வெட்டி, ஒரு பக்கம் சிவப்புப் பேனாவால் ஏழு டைமன் வரைந்து சேர்த்தோம். ஓரத்தில் மஞ்சள் தடவியது அப்படியே இருந்தது. அது மற்ற சீட்டை விடத் தடிமன், பின்பக்கம் வெள்ளை, ஆகவே அது யார் கையில் இருக்கிறது என்பது எப்போதும் எல்லோருக்கும் தெரியும். புதுக்கட்டு வாங்குவோம் என்று யாரும் சொல்லவில்லை. 52 சீட்டில் ஒன்று மட்டும் ஒளிக்க முடியாமல் இருப்பது ஆட்டத்துக்கு ஒரு உப்பு சேர்த்தது என்று நினைக்கிறேன். அல்லது காசு மிச்சம்.

கழுதை ஆனவருக்குத் தண்டனை இரண்டு. தட்டட்டியில் ஆடினால் (மொட்டை மாடியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் உட்கார வேண்டும், கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று. இரண்டாவது, அடுத்த ஆட்டத்துக்கு அவர்தான் கட்டைக் கலைத்துப் போட வேண்டும். ஆச்சி இதில் கறார். யாராவது உதவிக்கு வந்தால், "தொடாத. கழுததான் கலைக்கணும்" என்பாள்.

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கழுதை என்பது பெரியவர்கள் சின்னவர்களைத் திட்டுகிற சொல். "கழுத, எங்க போய்ச் சுத்திட்டு வார?" "கழுத வயசாச்சு, இன்னும் தலை பின்னத் தெரியல." மேலேயிருந்து கீழே மட்டும்தான் அது இறங்கும், கீழேயிருந்து மேலே ஏறிப் பார்த்ததே கிடையாது. ஆட்டத்தில் அப்பா மாட்டும்போதுகூட நானும் தம்பியும், "அப்பாதான்" என்று பாதியில் நிறுத்திக்கொள்வோம். மீதியைச் சித்தப்பா சொல்வார், அண்ணனைச் சொல்லக் கிடைத்த வாய்ப்பை விடுவாரா.

தாத்தா இரண்டு மாதம் ஈசிசேரில் இருந்தபடி பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கவில்லை என்பது போலப் பார்ப்பார். ஒரு நாள் தம்பி ராணியை இறக்கப் போனபோது பின்னாலிருந்து, "லேய், அது ரெண்டாஞ் சுத்து" என்று குரல் வந்தது. எல்லோரும் திரும்பினோம். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டாள். தாத்தா வந்து உட்கார்ந்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு. ஏழு பேர் ஆனோம், சீட்டு ஏழு, எட்டு என்று குறைந்தது.

முதல் மூன்று நாள் தப்பித்துவிட்டார். நாலாம் நாள் அவரும் தம்பியும் மட்டும் மிச்சம், தம்பி கடைசிச் சீட்டால் வெட்டிவிட்டுக் கையை விரித்தான். தாத்தா கையில் பதினொன்றோ பன்னிரண்டோ சீட்டு. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அப்பா எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார், சொன்னால் தெரியும் சேதி என்கிற பார்வை. சித்தி மடியில் சித்தப்பா மகள், ஆறு வயது, எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஏதோ மறந்துபோனதை ஞாபகப்படுத்துகிற மாதிரி, மரியாதையாகவே சொன்னாள்: "தாத்தா, நீங்கதான் கழுத."

அந்த 'நீங்க'தான். ஆச்சிதான் முதலில் சிரித்தாள், வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு, அப்புறம் பொத்த முடியாமல். அப்பா, "ஏட்டி, என்ன பேச்சு இது" என்று அதட்டப் போக, தாத்தா கையைக் காட்டி நிறுத்தினார். சீட்டுகளை வாரி, அடுக்கி, மெதுவாகக் கலைக்க ஆரம்பித்தார். அவருக்கு நன்றாகக் கலைக்க வந்தது. இரண்டாகப் பிரித்து, விரலால் வளைத்து, சர்ரென்று ஒன்றுக்குள் ஒன்றாக இறங்க விடுகிற வித்தை, சித்தப்பாவுக்குக்கூட வராதது. எங்கே கற்றார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் கோயில் கொடையில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருப்பார், வேறு எங்கே.

2017இல் தாத்தா போனார். எங்கள் ஊர்ப் பக்கம் சாவு வீட்டில் ராத்திரி தூங்கக்கூடாது என்று தெருவில் பெஞ்சு போட்டு ஆண்கள் சீட்டாடுவார்கள், அது வழக்கம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அன்றைக்கும் பந்தலுக்கு அடியில் ரம்மி ஓடியது. அப்பா போய் அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார், காசு வைக்காமல் ஆடுங்க என்று. அவர்களும் சரி என்றார்கள். விடிய விடிய சும்மா ஆடினார்கள்.

நான் பிறகு வேலைக்கு பெங்களூர் போனேன். அங்கே பக்கத்து மேசையில் ஒரு பஞ்சாபிப் பெண். பேச்சுவாக்கில் கழுதையை விளக்கினேன், பாதியிலேயே அவள், "இது பாபி" என்றாள். அப்படியே அதே ஆட்டம், இஸ்பேட் ஆஸ் உட்பட. கடைசியில் மாட்டுகிறவர் அங்கே பாபி, அதாவது அண்ணன் பெண்டாட்டி, எங்கள் ஊர்க் கணக்கில் மதினி. கேரளாவிலும் கழுதைதான், சந்தேகமே இல்லை. தோற்றவனுக்கு நாம் கழுதை என்று பேர் வைத்தோம், பஞ்சாபிகள் மதினி என்று வைத்திருக்கிறார்கள். கழுதை எவ்வளவோ மேல். எங்கள் அம்மாவும் சித்தப்பாவுக்கு மதினிதான், அவளைக் கழுதை ஆக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அவர் அறிவார்.

ஆனால் அம்மா தோற்பாள். அதைத்தான் இவ்வளவு நேரமாகச் சொல்ல வந்தேன்.

அப்போது எனக்குப் புரியவில்லை. அம்மா நடு ஆட்டத்தில் யாரையும் விட மாட்டாள், அப்பாவையும் சேர்த்துத்தான் வெட்டுவாள். அநேகமாக முதலில் அல்லது இரண்டாவதாகத் தப்பிவிடுவாள். ஆனால் எப்போதாவது கடைசி வரை இருந்து, அவளும் அப்பாவும் மட்டும் மிச்சம் என்று வந்தால், கழுதை அம்மாதான். ஒரு தடவைகூட மாறவில்லை. தம்பியோடு மாட்டினால் தம்பி கழுதை, சித்தப்பாவோடு மாட்டினால் சித்தப்பா கழுதை, அப்பாவோடு மாட்டினால் அம்மா.

ஒரு ராத்திரி நான் முன்னாலேயே தப்பித்துவிட்டு அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தேன். அம்மா கையில் இரண்டு சீட்டு: கிளாவர் ஒன்பது, அப்புறம் அந்தப் பத்திரிகை டைமன் ஏழு. அப்பா கையில் மூன்று. அதில் ஒன்று டைமன் ராஜா, சற்று முன்னால்தான் எல்லோர் கண் முன்னாலும் வாரினது. அப்பாவிடம் கிளாவர் இல்லை, அதற்கு முந்தின சுற்றில்தான் கிளாவருக்கு வெட்டினார். இறக்கம் அம்மாவுடையது. இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. டைமன் ஏழை இறக்கினால் அப்பா ராஜாவைப் போட்டே ஆக வேண்டும், ராஜா பெரிது, அடுத்த இறக்கம் அப்பாவுக்குப் போகும். அவர் எதை இறக்கினாலும் அம்மாவிடம் இருக்கிற ஒற்றைச் சீட்டைப் போட்டு எழுந்துவிடலாம். தம்பிக்கே தெரியும் இது.

அம்மா கிளாவர் ஒன்பதை இறக்கினாள்.

அப்பா சந்தோஷமாக டைமன் ராஜாவால் வெட்டினார். அம்மா வாரினாள். அடுத்ததும் வெட்டு, அதற்கடுத்தது அப்பாவின் கடைசிச் சீட்டு. "கழுத!" என்று அப்பா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார், அவர் சிரிப்பது எங்கள் வீட்டில் அரிது. நான் அம்மா காதருகே, "டைமன் ஏழ எறக்கியிருக்கலாம்லாம்மா?" என்று கேட்டேன். வெள்ளையாகத் தடிமனாக ஊரே பார்க்க அந்தச் சீட்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு அம்மா சொன்னாள்: "எங்கிட்ட டைமன் ஏதுட்டி?"

விஷயம் இதுதான், பிறகு யோசித்து நானே கண்டுபிடித்தது. அப்பா கழுதை ஆனால் கலைக்க மாட்டார். அவருக்குக் கோபம் வந்துவிடும் என்று சொல்ல முடியாது, முகம் மட்டும் ஒரு மாதிரி ஆகும், "போதும், எல்லாரும் போய்ப் படிங்க" என்று எழுந்துவிடுவார். அத்தோடு அன்றைய ஆட்டம் முடிந்தது, ஆளுக்கு ஒரு மூலையில் இருட்டில் புழுங்கிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். கலைக்கிற வேலையை அம்மா எடுத்துக்கொண்டால் இன்னும் ஒரு ஆட்டம் கிடைக்கும். காலை நாலரைக்கு எழுந்து ஒன்பது பேருக்குச் சமைத்து, கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து மாவாட்டி, மோட்டார் போட்டு, அப்புறம் ராத்திரி ஒன்றரை மணி நேரம் யாரும் அவளை எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தது அந்தப் பாயில்தான். அதை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பாளா. இது தியாகம், அப்பாவுக்காக விட்டுக்கொடுத்தாள் என்றெல்லாம் யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். அவள் ஆட்டத்தை நீட்டினாள், அவ்வளவுதான்.

இப்போது கரண்ட் போவதில்லை, போனாலும் இன்வெர்ட்டர் இருக்கிறது. சீட்டு என்றால் செல்போனில் காசு கட்டி ஆடுவது என்று ஆகி, அதில் சொந்தத்தில் ஒருவர் நகை வரை அடகு வைத்து, 2025இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் காசு கட்டும் ஆன்லைன் ஆட்டத்தைத் தடை செய்யும் வரைக்கும் வந்தாயிற்று. தாத்தா இருந்தால், "வயல் திரும்பி வருமால?" என்றுதான் கேட்டிருப்பார். நாங்கள் பொங்கலுக்குத்தான் எல்லோரும் கூடுகிறோம். மாப்பிள்ளைகள், மருமகள் சேர்ந்து ஒன்பது பேர் ஆடுகிறோம். ஒன்பது பேர் என்றால் எந்த ஜாதியும் இரண்டாம் சுற்றில் வெட்டுப்படாமல் போகவே போகாது, 13 சீட்டை வைத்துக்கொண்டு 18 எங்கே எடுப்பது. சண்டைக்குக் குறைவில்லை. ஆச்சிக்கு இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகி, சீட்டு முன்னைவிடப் பளிச்சென்று தெரிகிறதாம், வெட்டும்போது சத்தமும் கூடியிருக்கிறது. வந்த மருமகளுக்கு முதல் பாடமே, "இது மாம்பழம், இது வில்வம்."

போன பொங்கலுக்குக் கடைசியில் அம்மாவும் அப்பாவும் மாட்டினார்கள். அப்பா ரிட்டயர் ஆகி மூன்று வருஷம். போய்ப் படிங்க என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இறக்கம் அப்பாவுடையது, ஒரு கிளாவர் ஆஸை அதுவரை பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்தவர், வேறு வழியில்லாமல் அதை இறக்கினார். அம்மா கையில் ஒரே ஒரு சீட்டு. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு ஆஸ் மேல் அதைப் போட்டாள், பத்திரிகை டைமன் ஏழு.

"எங்கிட்ட கிளாவர் இல்ல" என்றாள்.

அப்பா சீட்டையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா கழித்த சீட்டையெல்லாம் வாரி, தரையில் தட்டிச் சமமாக்கி, அவர் பக்கம் தள்ளினாள்.

"கலைங்க."

அப்பாவுக்குக் கலைக்கவே வராது. இத்தனை வருஷத்தில் கலைத்திருந்தால்தானே. இரண்டு முறை கட்டு கை நழுவி பாயெல்லாம் சிதறியது. உதவப் போன சித்தப்பாவை ஆச்சி ஒரு அதட்டு அதட்டினாள். மூன்றாம் முறை ஒருவழியாகச் சேர்த்துக் கட்டினார், டைமன் ஏழு மட்டும் நடுவில் ஒரு விரற்கடை வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அதை அவர் உள்ளே தள்ளவில்லை, அப்படியே போட ஆரம்பித்தார்.